உயிர்ப்பொருளும் சடப்பொருளும்

(திருமயிலைப் பங்குனிப் பெருவிழா, ஏழாம் திருநாள் இரவுச் சொற்பொழிவு)



இன்று காலை கபாலீசப் பெருமான் திருத்தேரில் எழுந்தருளி மாடவீதிகளில் உலாப் போந்ததைக் கண்டு இன்புற்றோம். வடம் பிடித்த கைகளின் நோவு நம்மில் பலருக்கு இன்னும் நீங்கியிராது. நாளை எட்டாம் திருநாள். பிற்பகலில் அறுபத்துமூவர் உலாக் காண ஊரே திரளும். அதற்கு முன்னர்க் காலையிலே, திருக்குளத்தின் அருகே, பூம்பாவையார் உயிர்பெற்றெழுந்த விழா நிகழும். அவ்விழாவுக்குச் செல்லுமுன் அதனோடு பிறந்த ஒரு கேள்வியை இன்றிரவு எடுத்து ஆராயலாம் எனக் கருதினோம்.

வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். இத்திருமயிலையில் வாழ்ந்த வணிகர் சிவநேசர். அவருடைய அருமை மகள் பூம்பாவை. திருஞானசம்பந்தப் பெருமானுக்கே உரியவள் என்று தந்தையார் உறுதி பூண்டு வளர்த்தார். மலர் கொய்யச் சென்ற இடத்தில் அரவு தீண்டி அப்பெண் இறந்தாள். மணி, மந்திரம், மருந்து யாவும் பயனின்றி ஒழிந்தன. தகனம் செய்த பின் சாம்பலையும் என்பையும் ஒரு குடத்தில் இட்டு, கன்னிமாடத்தில் வைத்து, உயிரோடிருக்கும் மகளுக்குச் செய்வதுபோலவே ஆடையும் அணியும் மாலையும் சாத்தி வந்தார் சிவநேசர்.

அக்குடத்தின் முன் சற்றே நிற்போம். மகள் உயிரோடிருந்தபோது அவளிடம் இருந்து, இப்போது குடத்தில் இல்லாதது எது? உயிர் என்று உடனே விடை கூறிவிடுவோம். அச்சொல் ஒரு பெயர்தான்; விடையன்று. உயிருள்ள பொருளை உயிரில்லாத பொருளினின்று பிரிக்கும் குறி யாது என்பதே நம் கேள்வி.

பள்ளியில் நம் பிள்ளைகள் கற்கும் குறிகள் சில உள. உயிருள்ளது உண்ணும், மூச்சு விடும், வளரும், அசையும், தன்னினத்தைப் பெருக்கும் என்பர். இவற்றைச் சோதித்துப் பாருங்கள். அடுப்பிலே எரியும் தீ விறகை உண்கின்றது, காற்றில்லையேல் அணைகின்றது, வளர்கின்றது, ஒரு தீயிலிருந்து நூறு தீ பிறக்கின்றது. தீயை உயிரென்போமா? வேதாரணியத்து உப்பளத்தில் உப்புப் பரல்கள் ஒன்றுபோல் மற்றொன்று சதுரஞ் சதுரமாக வளர்வதைக் காணலாம். உப்பு உயிருடையதா? மறுதலையாகவும் பாருங்கள். கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி ஈனுவதில்லை. அதனால் அதற்கு உயிரில்லை என்று சொன்னால், சொன்னவரை அது உதைத்தே விடை தரும்.

எனினும், உப்பின் வளர்ச்சிக்கும் ஆலமரத்தின் வளர்ச்சிக்கும் ஒரு வேற்றுமை உண்டு. உப்பு, புறத்தே உள்ள உப்பு வந்து ஒட்டுவதால் பெருக்கின்றது. ஆலமரமோ மண்ணையும் நீரையும் காற்றையும் ஒளியையும் உட்கொண்டு, அவற்றுள் எதுவும் ஆலமரமாக இல்லாதிருக்க, யாவற்றையும் ஆலமரமாக மாற்றிக்கொள்கின்றது. நம் உடலும் அவ்வாறே. குருதியில் ஓடும் சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். சென்ற பங்குனியில் நம் உடலில் ஓடிய அணுக்களில் ஒன்றும் இப்பங்குனியில் இல்லை. ஆயினும் சென்ற ஆண்டு தேர்வடம் பிடித்தவர் நாமே என்கின்றோம். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

விதை என்ன சொல்கின்றது? சாக்கடலின் அருகே மசாதா என்னும் பழங்கோட்டையை 1960-களில் அகழ்ந்தவர்கள் சில பேரீச்ச விதைகளைக் கண்டெடுத்தனர். அவை ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையின. நாற்பது ஆண்டுகள் அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தனர். 2005-இல் இஸ்ரேல் நாட்டில் அவற்றுள் ஒன்றை நட்டனர், முளைத்தது, மரமாயிற்று. அவ்விதை மண்ணில் கிடந்த இரண்டாயிரம் ஆண்டும் உண்டதாகவோ அசைந்ததாகவோ எவரும் கண்டிலர். பக்கத்தில் கிடந்த கூழாங்கல்லுக்கும் அதற்கும் காண்பார் கண்ணுக்கு வேற்றுமை இல்லை. ஆயினும் வேற்றுமை இருந்தது.

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. 1935-இல் அமெரிக்க அறிஞர் வெண்டல் ஸ்டான்லி, புகையிலைச் செடியை வாட்டும் வைரஸ் என்னும் நுண்பொருளைப் பிரித்தெடுத்துப் பளிங்குப் பரல்களாக்கினார். புட்டியில் உப்புப்போல் கிடந்த அதனைக் கரைத்து இலையில் தடவியபோது மீண்டும் பெருகி நோய் தந்தது. 1946-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிட்டியது. 2020-இல் உலகையே வீட்டுக்குள் அடைத்த கொரோனாவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பிறிதோர் உயிரணுவின் உள்ளே புகுந்தால் பெருகும். வெளியே வெறும் பொருள். அதனை உயிர்க்கணக்கில் சேர்ப்பதா வேண்டாவா என்று அறிஞர்கள் இன்றும் வழக்காடுகின்றனர்.

நம் மேடைகளில் ஒன்று அடிக்கடி கேட்கின்றோம். தாவரத்துக்கு உயிர் உண்டு என்று முதன்முதல் கண்டறிந்தவர் ஜகதீச சந்திர போஸ் என்பர். அப்பேரறிஞர்மேல் நமக்குள்ள மதிப்புக்குக் குறைவில்லை. ஆனால் வாடிய செடிக்கு நீர் வார்த்த எந்தப் பாட்டிக்கும் அது தெரிந்த செய்திதான். தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என முதற்கண் வைக்கின்றது. போஸ் செய்தது வேறு, இன்னும் நுட்பமானது. தாவரத்தைத் தீண்டினாலும் வெப்பமோ நஞ்சோ ஊட்டினாலும் அதனுள் மின்னசைவாக ஒரு மறுமொழி எழுவதைக் கருவி கொண்டு அளந்து காட்டினார். 1901-இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அறிஞர் அவையின் முன் இதனை நிகழ்த்தினார். அதோடு நில்லாமல், உலோகத்தையும் அவ்வாறு தூண்டி, அதுவும் களைப்பதுபோலும் தெளிவதுபோலும் குறி காட்டுகின்றது என்று கூறி, உயிருக்கும் சடத்துக்கும் இடையே கோடு கிழிக்க இயலாது என்னும் அளவுக்குச் சென்றார். தாவரத்தைப் பற்றி அவர் கூறியதைப் பின்வந்தோர் பெரிதும் உறுதி செய்தனர். உலோகத்தைப் பற்றிக் கூறியதை ஏற்றிலர்.

தொல்காப்பியர் கிழித்த கோடு இங்கு நமக்குப் பெரிதும் உதவுகின்றது. உண்பது, வளர்வது, பெருகுவது என்று அவர் அளக்கவில்லை. அறிவால் அளந்தார். உற்றறிவது ஒன்று, அதனோடு நாவால் அறிவது இரண்டு, மூக்கோடு மூன்று, கண்ணோடு நான்கு, செவியோடு ஐந்து, மனத்தோடு ஆறு. நத்தை முதலியன ஈரறிவு, எறும்பும் சிதலும் மூவறிவு, நண்டும் தும்பியும் நாலறிவு என அடுக்கிச் சென்றார். எறும்புக்குக் கண் இல்லையா என்று ஒரு மாணவர் நம்மிடம் கேட்டார். பெரும்பாலான எறும்புகளுக்குக் கண் உண்டு. நூலின் பெருமையைக் காப்பதற்காக நாம் எறும்பைக் குருடாக்க வேண்டுவதில்லை. உயிரென்பது அறிவின் ஏற்றத்தாழ்வுகளோடு கூடியது என்பதே அங்குக் கொள்ள வேண்டிய கருத்து.

மாணிக்கவாசகப் பெருமான் சிவபுராணத்தில் தாம் எடுத்திளைத்த பிறவிகளை எண்ணும்போது கல்லையும் அவ்வெண்ணில் சேர்த்திருப்பதை ஓதுவோர் அறிவர். கல்லும் ஒரு பிறவியா என்னும் ஐயம் பலருக்கு உண்டு. உரையாசிரியர்கள் பலவாறு அமைதி கூறுவர். ஆணவ இருளில் அழுந்திய உயிர், அறிவு சிறிதும் விளங்காமல், கண்டார்க்குச் சடம்போலவே கிடக்கும் நிலை ஒன்றைச் சித்தாந்தம் கேவலம் என்று பேசுகின்றது. சடம் போலக் கிடப்பது வேறு, சடமாக இருப்பது வேறு. மசாதாக் கோட்டையின் விதையைக் கண்ட பின் இவ்வேற்றுமை நமக்கு இன்னும் தெளிவாகின்றது.

இனிச் சிவஞானபோதத்திற்கு வருவோம். பன்னிரண்டு சூத்திரங்களுள் மூன்றாவது, உடலின் வேறாய் உயிர் உண்டு என நிறுவுவது. மெய்கண்ட தேவர் அங்கே அடுக்கும் ஏதுக்களைச் சுருக்கிச் சொல்வோம். உயிர் என ஒன்றில்லை என்று மறுப்பதற்கும் ஒருவன் வேண்டுமே, அவன் யார் என்பது ஒன்று. என் கை, என் கால், என் உடல் என்று உடைமையாகப் பேசுகின்றோம். உடைமைக்கு வேறாய் உடையவன் ஒருவன் உண்டு என்பது மற்றொன்று. அணுவெல்லாம் மாறியும் சென்ற ஆண்டு வடம் பிடித்தவர் நாமே என்று சொன்னோமல்லவா, அதனை இங்கே பொருத்திப் பாருங்கள். ஐம்புலனும் தத்தமக்குரியதை மட்டுமே அறிய, ஐந்தையும் ஒருங்கே அறிவது ஒன்றுண்டு. புலன்கள் ஒடுங்கிய கனவையும் அறிவது அதுவே. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருப்பினும் உண்பதும் வினை செய்வதும் நிகழ்வதில்லை; ஆதலின் மூச்சும் உயிரன்று. இறுதியாக, உணர்த்த உணர்வது உயிர். சிவம் தானே அறியும். சடம் அறிவித்தாலும் அறியாது. இரண்டுக்கும் இடையே, அறிவித்தால் அறிவது உயிர். உடலோ மாயையால் ஆகிய ஒரு பொறி.

1828-இல் ஜெர்மானிய அறிஞர் வோலர், உயிருடம்பில் மட்டுமே விளைவது என்று எண்ணியிருந்த யூரியாவைச் சோதனைச்சாலையில் செய்து காட்டியபோது மேலைநாட்டார் பலர் திகைத்தனர் என்பர். சித்தாந்தி திகைக்க வேண்டுவதில்லை. உடலின் பொருள் வேறு, கல்லின் பொருள் வேறு என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. குடத்திலிருந்த என்பில் உள்ள சுண்ணாம்பு, கடற்கரைச் சிப்பியில் உள்ள சுண்ணாம்பே.

இவையெல்லாம் ஏட்டளவில் நின்றுவிடும் வாதங்கள் என்று எண்ணாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன், நாம் நன்கு அறிந்த ஓர் அன்பர் குடும்பத்தில், இருபத்திரண்டு வயது மகன் சாலை விபத்தில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தான். மூன்றாம் நாள் அவன் தாயார் நம்மை வரச்சொல்லி அழைத்தார். போனோம். அவர் மகனின் கையைப் பிடித்தபடியே கேட்டார்: “ஐயா, கை சூடாக இருக்கிறது. நெஞ்சு ஏறி இறங்குகிறது. இவன் போய்விட்டான் என்கிறார்கள். உறுப்புகளைக் கொடுக்க நான் கையெழுத்திட்டால், பெற்ற பிள்ளையை நானே கொன்றவள் ஆகமாட்டேனா?”

இத்தகைய கேள்விக்கு மேடைப்பேச்சு உதவாது. மருத்துவர் விளக்கியதை முதலில் நாம் கேட்டறிந்தோம். நெஞ்சை ஏற்றி இறக்குவது செயற்கைச் சுவாசக் கருவி. இதயம் துடிப்பதற்கு மூளையின் கட்டளை வேண்டுவதில்லை. துடிப்பை எழுப்பும் இடம் அதனுள்ளேயே உண்டு. உயிர்வளி கிடைக்குமளவும் சிறிது காலம் துடிக்கும். மூச்சை எழுப்புவது மூளைத்தண்டு. அது அழிந்தால் மூச்சு தானே திரும்புவதில்லை. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை இறப்பென்றே ஏற்கின்றது. எளிதில் அன்று: நான்கு மருத்துவர் கொண்ட குழு சோதிக்க வேண்டும், ஆறு மணி நேரமாவது கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டும். ஒளிக்குக் கண்மணி சுருங்குகின்றதா, தொண்டையைத் தீண்டினால் இருமல் எழுகின்றதா என்று பார்ப்பர். கருவியை விலக்கி, குருதியில் கரிவளி மிகும்போதேனும் தானே ஒரு மூச்சு எழுகின்றதா என்று காத்திருப்பர். அப்பிள்ளைக்கு இருமுறையும் எழவில்லை.

உணர்த்தியும் உணராமை என்று மெய்கண்டார் சூத்திரத்தின் மறுபக்கமாக நாம் படித்ததை அன்று கட்டிலருகே கண்டோம். “அம்மா, ஓடும் மூச்சே உயிரன்று என்று நம் நூல் சொல்கின்றது. இங்கு ஓடும் மூச்சோ அவனுடையதுகூட அன்று” என்று மட்டும் சொன்னோம். கையெழுத்திடுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டா என்றும் சொல்லவில்லை. அது நாம் சொல்லத்தக்கதன்று. அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு மகனுடைய காதருகே குனிந்து வீட்டில் அழைக்கும் செல்லப்பெயரை மும்முறை சொன்னார். நிமிர்ந்து, நெற்றியில் திருநீறிட்டார். தாளைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டார். சிறுநீரகம் இரண்டும் இருவருக்குப் பொருத்தப்பட்டன எனப் பின்னர் அறிந்தோம். நம் மாநிலத்தில் இப்பணி 2008-ஆம் ஆண்டு முதல் ஒழுங்குபட நடந்து வருகின்றது. உறுப்புக் கொடை தந்தோர் உடலுக்கு அரசு மரியாதை உண்டு என 2023-இல் அரசு அறிவித்தது. அவ்வம்மையாருக்கு அம்மரியாதையெல்லாம் அன்று இல்லை. மும்முறை அழைத்து மறுமொழி வராததே அவருக்குச் சான்றாயிற்று.

காதருகே குனிந்து பெயர் சொல்லி அழைத்த அக்காட்சிக்குப் பின், பூம்பாவைத் திருப்பதிகத்தை நாம் வேறு வகையில் ஓதத் தொடங்கினோம். ஞானசம்பந்தப் பெருமான் என்புகளுக்கு ஆணையிடவில்லை. மந்திரத்தால் சாம்பலைக் கிளறவும் இல்லை. திருமயிலையில் மாதந்தோறும் நிகழும் விழாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறி, பெயர் சொல்லி அழைத்து, இவற்றைக் காணாமலே போகலாமா என்று வினவுகின்றார். ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, பூசம், கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று விழாக்கள் வருகின்றன. பாட்டுத்தோறும் அதே வினா. வினவப்படுவது குடமன்று. கேட்கவல்ல ஒன்று எங்கோ உண்டு என்னும் துணிவோடு கேட்கப்படும் கேள்வி அது.

மணி பத்தாகப் போகின்றது. குழந்தைகள் மடியில் உறங்கிவிட்டார்கள். நாளை காலை ஓதுவார் அப்பதிகத்தைக் குளக்கரையில் பாடுவார். வெயில் ஏறுமுன் வந்து நிழலில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். முதியோர்க்கு முன்வரிசையை விடுங்கள்.

திருச்சிற்றம்பலம்.