பெயர் மறைந்த முந்திரிகை



முந்திரிகைத் துண்டம் வாங்க வருவோர், "நன்றாய்க் காய்க்குமா?" என்று வினவுவரேயன்றி, "இஃது எவ்வினம்?" என்று வினவுவோர் சிலரே. யாழ்ப்பாணத்துப் பந்தல்களில் நாம் வளர்ப்பது உண்ணும் பழமாகும். இன்று நான் கூறப்போவது பிறநாட்டு மது முந்திரிகையொன்றின் வரலாறு. ஆயினும், துண்டம் கைமாறும் முறை எங்கும் ஒன்றே.

பிரான்சு தேசத்துப் போர்தோப் பகுதியிலே, மெதொக் என்னுமிடத்திற் கார்மெனேர் என்ற செம்மது முந்திரிகை முற்காலத்திற் பயிரிடப்பட்டது. குளிரும் ஈரமும் மிக்க இளவேனிலில் அதன் பூக்கள் பிஞ்சு பிடியாது உதிர்ந்துவிடும். 1860ஆம் ஆண்டுகளிலிருந்து பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி அந்நாட்டுத் தோட்டங்களை அழித்தது. பின்னர் அமெரிக்க முந்திரிகையின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டி மீள நட்டபொழுது, நிலையாகக் காய்க்காத கார்மெனேரைப் பெரும்பாலோர் கைவிட்டனர்.

ஆயினும், அதற்கு முன்னரே, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் போர்தோத் துண்டங்கள் தென்னமெரிக்காவின் சிலி நாட்டை அடைந்திருந்தன. அங்கே அப்பூச்சி பரவாமையாற் கொடிகள் சொந்த வேரிலேயே செழித்தன. ஆனால், மேர்லோ என்னும் இனத்தோடு கலந்து நடப்பட்ட கார்மெனேர் தன் பெயரை இழந்தது. மேர்லோவின் ஒரு வகையென்றே அதனை எண்ணினர்.

இதனால் விளைந்த நட்டம் சிறிதன்று. மேர்லோ பழுத்துச் சில வாரங்கள் சென்ற பின்னரே கார்மெனேர் பழுக்கும். மேர்லோவின் பதத்தில் இரண்டையும் ஒருங்கே கொய்தால், முற்றாத கார்மெனேரினால் மதுவிற் கறிமிளகாய் மணம் வீசும்; காத்திருந்தாலோ மேர்லோ அளவுகடந்து கனிந்துவிடும். எந்நாளிற் கொய்தாலும் ஒன்று கெடும்! கொய்தவர் மீது குற்றமில்லை. துண்டத்தோடு பெயர் செல்லாமையே குற்றம். ஆதலால் துண்டம் வெட்டும்பொழுதே தாய்க்கொடியின் இனப்பெயரை எழுதிக் கட்டிவிடுக. ஞாபகத்தை நம்புதல் கூடாது.

1994 நவம்பரில் ழான் மிசேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு முந்திரிகை ஆய்வாளர், சிலியின் மைப்போப் பள்ளத்தாக்கில் மேர்லோ எனப்பட்ட கொடிகளைக் கூர்ந்து நோக்கினார். பூவின் கேசரங்கள் முறுகியிருக்கக் கண்டு, அவை கார்மெனேரே எனத் துணிந்தார். மரபணுச் சோதனையும் பின்னர் அதனை உறுதிப்படுத்தியது. 1998இற் சிலி அரசு அதனைத் தனியினமாக ஏற்றது.

தோட்டத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் இயலாததன்று. மேர்லோவின் இளம் இலையின் அடிப்புறம் வெண்மையாயிருக்கும். கார்மெனேருக்கோ செம்மை படர்ந்திருக்கும். இலையுதிர் காலத்தில் கார்மெனேரின் இலைகள் கடுஞ்சிவப்பாக மாறும். அந்நிறமே அதற்குப் பெயராயிற்று என்பர். நன்கு முற்றிய பழத்தின் மது ஆழ்ந்த நிறமும் மென்மையான துவர்ப்பும் உடையது. இன்று சிலியில் இதனைத் தனியே நட்டு, பெரும்பாலும் ஏப்பிரல் இறுதியிலும் மே மாதத்திலும் கொய்கின்றனர். சீனத்தில் நெடுங்காலம் வேறு பெயரால் வளர்க்கப்பட்ட முந்திரிகையொன்றும் கார்மெனேரே என்பது இப்பொழுது தெளிவாகியுள்ளது.