பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள்

(சங்கத்தின் மாதர், இளைஞர் பிரிவுகளுக்கான கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சங்க மேடையில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நானும் அதைத்தான் பேசப்போகிறேன். சம்பளம் எப்படி வருகிறது என்பதை விட்டுவிட்டு, அது எங்கே போகிறது என்று பார்ப்போம்.

நம் மலையக டவுன்களில் புடவைக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை, பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர், வாசலில் விமானப் படம் போட்ட ஒரு போர்டு என்று தனியார் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர், ஆங்கிலம், ஹோட்டல் வேலை, அழகுக்கலை, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி, பராமரிப்பாளர் பயிற்சி எல்லாம் அங்கே நடக்கின்றன. நான் அப்படியான ஓர் இடத்தில் பகுதிநேரமாகப் படிப்பிக்கிறவன். ஆகையால் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கே வருகிற பிள்ளைகள் யார்? சாதாரண தரத்தில் கணிதம் தவறியவர்கள். பெறுபேறு வரும் வரை வீட்டில் சும்மா இருக்க விரும்பாதவர்கள். கொழும்பில் கடையில் இரண்டு வருடம் நின்றுவிட்டுத் திரும்பி வந்த தம்பிமார். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிற தங்கைமார். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, கடைசி பஸ்ஸுக்கு முன் ஓடுகிறார்கள். மத்தியானம் ரொட்டியும் சம்பலும். வகுப்பில் கேள்வி கேட்கத் தயங்குவார்கள். ஆனால் பாடம் முடிந்த பிறகும் கம்ப்யூட்டரை விட்டு எழும்ப மாட்டார்கள். படிப்பில் ஆசை இல்லாத பிள்ளைகள் என்று அவர்களை யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏன் அங்கே போகிறார்கள் என்பதற்கும் நியாயம் இருக்கிறது. அரசாங்கப் பயிற்சி நிலையம் தூரத்தில் இருக்கும், அல்லது நாம் கேட்ட பாடநெறி தமிழில் இருக்காது. பெண்பிள்ளையைத் தங்கிப் படிக்க அனுப்பப் பெற்றோர் யோசிப்பார்கள். தனியார் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது, தமிழில் பேசுகிறது, தவணையில் பணம் வாங்குகிறது. நல்லபடியாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே படித்து மேசையில் உட்கார்ந்து வேலை செய்கிற நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். எல்லாக் கல்லூரியையும் ஒரே கூடையில் போட்டுக் கொட்டுவது என் நோக்கமல்ல.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கான 8 சதவீதம், அதாவது 108 ரூபா போனால் மிச்சம் 1,242 ரூபா. ஒரு பாடநெறிக்கு எல்லாம் சேர்த்து 124,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், அது ஏறக்குறைய நூறு நாள் கொழுந்து. மாதம் இருபது பேர் விழுகிற அம்மாவுக்கு அது ஐந்து மாத உழைப்பு. அரிசி, சந்தா, கோயில் கணக்கு எதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. பல வீடுகளில் அந்தப் பணம் சீட்டிலிருந்தோ அடகுக் கடையிலிருந்தோதான் வருகிறது.

ஐந்து மாத உழைப்பைக் கொடுத்து வாங்குகிற பொருளை நாம் புரட்டிப் பார்க்க வேண்டாமா? ஒரு குடையை வாங்கினாலும் விரித்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம். ஆகவே பணம் கட்டுமுன் நான்கு கேள்விகள் கேளுங்கள்.

முதலாவது: இந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதியப்பட்டதா? 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தொழிற்பயிற்சி நிறுவனங்கள் அங்கே பதிய வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இலக்கத்தையும் அது எந்தத் திகதி வரை செல்லும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கம்பனிப் பதிவோ வியாபாரப் பதிவோ இதற்கு ஈடாகாது. அது கடை நடத்தவும் போதும்.

இரண்டாவது: நான் சேரப்போகிற இந்தப் பாடநெறிக்கு என்.வி.க்யூ. அங்கீகாரம் உண்டா, எந்த மட்டம்? நிறுவனம் பதியப்பட்டிருப்பது வேறு, பாடநெறி அங்கீகரிக்கப்பட்டிருப்பது வேறு. பலரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். தேசிய தொழிற்தகைமையில் 7 மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். மூன்று மாதம் படிப்பித்து ‘டிப்ளோமா’ என்று அச்சடித்துக் கொடுத்தால், அது கல்லூரி வைத்த பெயர். தேசிய தகைமையில் டிப்ளோமா என்றால் அது அல்ல. தாதியர் பயிற்சி என்ற பெயரையும் கவனியுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாவதற்கு உயர்தரப் பெறுபேற்றின் மேல் தெரிவாகி, அரசாங்கத் தாதியர் கல்லூரியில் 3 வருடம் பயில வேண்டும். ஆறு மாத வகுப்பு ஒரு உதவியாளரை உருவாக்கலாம். அது மரியாதையான வேலைதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது: மொத்தக் கட்டணம் எவ்வளவு? பதிவுக் கட்டணம், மாதக் கட்டணம் மட்டும் சொல்வார்கள். பிறகு பரீட்சைக் கட்டணம், புத்தகக் கட்டணம், விழாவுக்குக் கறுப்பு அங்கிக் கட்டணம், படத்துக்குத் தனியாக என்று வரும். எல்லாவற்றையும் கூட்டி எழுத்தில் கேளுங்கள். வகுப்பு நின்றுபோனால் பணம் திரும்புமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பிள்ளையின் மூலச் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பிரதி போதும்.

நான்காவது: யார் படிப்பிக்கிறார்கள், எந்த மொழியில், கையால் செய்து பழக எத்தனை மணித்தியாலம்? தொழிற்பயிற்சிக்கு எங்கே அனுப்புவார்கள்? போன வருடம் படித்து முடித்த இரண்டு பேரைக் காட்டச் சொல்லுங்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். போர்டு சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

பதிவைச் சரிபார்க்கக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. ஆணைக்குழுவின் காரியாலயம் நாரஹேன்பிட்டியில் ‘நிபுணதா பியச’ கட்டடத்தில் இருக்கிறது. அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்கு அழைத்து அதன் தொலைபேசி இலக்கத்தைத் தமிழிலேயே கேட்கலாம்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பணம் கட்டுமுன் தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களையும், கண்டி, பதுளை தொழில்நுட்பவியல் கல்லூரிகளையும் ஒருமுறை விசாரியுங்கள். ஏற்கெனவே மேசன் வேலையோ பேக்கரி வேலையோ சமையலோ செய்து பழகிய தம்பிமாருக்குப் படிக்காமலே வழி உண்டு. முன் கற்றலை அங்கீகரிக்கும் முறை என்று அதற்குப் பெயர். கைவேலையைச் சோதித்துப் பார்த்து என்.வி.க்யூ. சான்றிதழ் தருவார்கள். கையில் தொழில் இருக்கிறவன் அதே தொழிலுக்கு மறுபடி கட்டணம் கட்டத் தேவையில்லை.

இனி, ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை. அந்த இரண்டு அறைக்குள் நீங்கள் நாற்பது பேர் இருந்தாலும் நாற்பது தனித்தனி ஆள்களாக இருக்கிறீர்கள். ஆறு மாதத்தில் கலைந்துவிடுவீர்கள். ஆசிரியர் வராத நாளில் ஒருவர் போய்க் கேட்டால், “உனக்கு மட்டும்தான் பிரச்சினை” என்று சொல்லி அனுப்பிவிடலாம். பத்துப் பேர் கையெழுத்து வைத்த கடிதத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. தோட்டத்தில் கொழுந்து நிறுவையில் இரண்டு கிலோ குறைந்தால் அம்மா தனியாகவா கேட்டாள்? தலைவரைக் கூட்டிக்கொண்டுதானே போனாள். வகுப்புக்கு இரண்டு பிரதிநிதிகளைத் தெரிவு செய்யுங்கள். மரியாதையாக, எழுத்தில், திகதி போட்டுக் கேளுங்கள். நேர்மையாக நடத்துகிற கல்லூரி இதை வரவேற்கும். அதன் பெயரும் இதனால்தான் வளரும்.

எங்களைப் போன்ற பகுதிநேர ஆசிரியர்களின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். மணித்தியாலக் கணக்கில் சம்பளம், நியமனக் கடிதம் இல்லை, சேமலாப நிதி இல்லை என்றால் நல்ல ஆசிரியர் நிற்க மாட்டார். ஆசிரியர் பாதியில் போனால் நட்டம் பிள்ளைக்கு.

கடைசியாக, சங்கத்திடம் மூன்று கோரிக்கைகள். ஒன்று, ஒவ்வொரு மாவட்டக் காரியாலயத்திலும் நம் பகுதிக் கல்லூரிகளின் பதிவு இலக்கங்களையும் அங்கீகாரம் பெற்ற பாடநெறிகளையும் எழுதி ஒட்டுங்கள். இரண்டு, சாதாரண தரப் பெறுபேறு வருகிற மாதத்தில் தோட்டந்தோறும் ஒரு மாலை நேரம் பெற்றோரைக் கூட்டுங்கள். துண்டுப் பிரசுரம் லயத்துக்கு வருமுன் நாம் வந்திருக்க வேண்டும். மூன்று, ஏமாந்த குடும்பம் வந்தால் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதிக் கொடுங்கள். மத்தியஸ்த சபைக்குக் கூட வாருங்கள். அங்கே சட்டத்தரணி தேவையில்லை.

தாய்மாரே, பிள்ளை படிக்க வேண்டும் என்று நீங்கள் எடுத்த முடிவு சரியான முடிவு. அந்த முடிவை யாரும் குறை சொல்ல விடாதீர்கள். பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் நான்கு கேள்விகளையும் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். வராவிட்டால் பணத்தோடு எழும்பி வாருங்கள். பக்கத்து லயத்துக்கும் சொல்லுங்கள்.