கேதார்காண்டா: முன்னே நாய், பின்னே நாம்

இன்று உங்களை உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் உள்ள கேதார்காண்டா சிகரத்துக்கு அழைத்துப் போகிறேன். கம்பளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி மாதம், மலை முழுக்கப் பனி.

டேராடூனில் விடிகாலையில் வண்டி ஏறினால் முசூரி, புரோலா, மோரி என்று சுமார் 200 கிலோமீட்டர் வளைந்து வளைந்து போகவேண்டும். நேட்வார் என்ற சிற்றூரில் ரூபின், சூபின் என்ற இரண்டு ஆறுகள் கூடி டோன்ஸ் ஆறாகின்றன. அதைத் தாண்டி, மாலைக்குள் சாங்க்ரி. உயரம் ஏறத்தாழ 6,400 அடி. தேவதாரு மரத்தில் கட்டிய வீடுகள். பழைய வீடுகளில் கீழ்த்தளம் ஆடுமாடுகளுக்கு, மேல்தளம் மனிதர்களுக்கு. இருக்கிற ஒரே கடைத்தெருவில், காலணிக்கு அடியில் மாட்டும் இரும்புமுள் பட்டையும் கைத்தடியும் வாடகைக்குக் கிடைக்கும். பட்டையை மட்டும் வாங்காமல் புறப்பட்டுவிடாதீர்கள்.

அந்தக் கடைத்தெருவில்தான் நம் துணை காத்திருக்கும். யாரும் ஏற்பாடு செய்த துணை அல்ல. கரிய, அடர்ந்த மயிரும் சுருண்ட வாலும் கொண்ட பெரிய நாய். ‘போட்டியா’ என்பார்கள். ஆட்டு மந்தையைச் சிறுத்தையிடமிருந்தும் கரடியிடமிருந்தும் காப்பதற்கென்றே இமயமலை மேய்ப்பர்கள் வளர்த்துவரும் நாய். சில நாய்களின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். அழகுக்கு அல்ல. சிறுத்தை முதலில் கவ்வுவது கழுத்தைத்தான். கோடையில் இவற்றுக்கு மேலே புல்வெளிகளில் வேலை. குளிர்காலத்தில் ஊரில் தங்கிவிடுகிற நாய்களுக்கு நேரம் நிறைய. மலையேற வருகிறவர்களின் பின்னால் கிளம்பிவிடுகின்றன. எங்களோடு வந்ததை வழிகாட்டி ‘காலூ’ என்று கூப்பிட்டார். அது எங்கள் பின்னால் வரவில்லை, முன்னால் போனது.

ஊரைத் தாண்டியதும் பைன், கருவாலி மரங்கள் அடர்ந்த காடு. முதல் நாள் ஜூடா கா தாலாப் வரை. சுமார் 9,100 அடி உயரத்தில் ஒரு சிறு குளம். நாங்கள் போனபோது உறைந்து, பனி மூடி, கரை எது தண்ணீர் எது என்று தெரியாமல் கிடந்தது. மேலே நடக்காதீர்கள், விளிம்பில் பனிக்கட்டி மெல்லியது என்றார் வழிகாட்டி.

பனியில் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பலர் கால் பட்டு இறுகிய ஒற்றையடித் தடம்தான் பாதை. அதிலிருந்து ஓரடி விலகினால் தொடை வரை புதையும். விடியுமுன் பனி கெட்டியாக இருக்கும், மிதித்தால் நறநறக்கும். வெயில் ஏறினால் இளகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்கவேண்டும். உச்சிக்குப் போகிறவர்களை நள்ளிரவு தாண்டியதும் எழுப்பிவிடுவது இதற்காகத்தான். காலூவுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்; இறுகிய தடத்தை விட்டு அது இறங்குவது அபூர்வம். ஆனாலும் நாய் போன இடமெல்லாம் நமக்கு வழியாகிவிடாது. அதன் எடை நம்மைவிடக் குறைவு, அதுவும் நான்கு கால்களில் பரவியிருக்கிறது. அதைத் தாங்குகிற மேல்தோட்டுப் பனி நம்மைத் தாங்காமல் போகலாம். வழிகாட்டியின் காலடியைப் பாருங்கள், நாயின் காலடியை அல்ல.

வெறுங்காலோடு எப்படி இந்த நாய் நடக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். அதன் பாதத்துக்கு இறங்கும் சூடான இரத்தக் குழாயும், பாதத்திலிருந்து குளிர்ந்து திரும்பும் குழாயும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. இறங்குவது தன் சூட்டை ஏறுவதற்குக் கொடுத்துவிடும். அதனால் குளிர் உடம்புக்குள் போவதில்லை, பாதமும் உறைவதில்லை. விரலிடுக்கில் பனி உருண்டை திரளும்போது மட்டும் உட்கார்ந்து பல்லால் கடித்து எடுக்கும். இரவில் கூடாரத்துக்கு வெளியே சுருண்டு, வாலை மூக்கின்மேல் போர்த்திக்கொண்டு தூங்கியது. பூஜ்யத்துக்குப் பல டிகிரி கீழே இருந்த இரவு அது. இரண்டு தூக்கப் பைகளுக்குள் புகுந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை. நடுவில் ஒருமுறை காலூ எழுந்து காட்டைப் பார்த்து வெகுநேரம் குரைத்தது. என்ன வந்தது என்று வெளியே போய்ப் பார்க்கும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை.

கடைசி ஏற்றம் செங்குத்து. நெற்றியில் கட்டிய விளக்குகள் வரிசையாக நகர, காலூ முன்னே போய் நின்று, திரும்பிப் பார்த்து, நாங்கள் மூச்சு வாங்கி வந்து சேர்ந்ததும் மறுபடி நடந்தது. உச்சி 12,500 அடி. கற்களை அடுக்கிய ஒரு சிறு சந்நிதி, திரிசூலம். சிவன் இங்கேதான் அமர எண்ணினார், மாட்டு மணியோசை கலைத்ததால் கேதாரத்துக்குப் போய்விட்டார் என்று ஊரில் சொல்கிறார்கள். அந்தக் கேதாரம் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரம்தான்.

சூரியன் எழும்போது கிழக்கே பந்தர்பூஞ்சும் ஸ்வர்காரோஹிணியும் பொன்னிறம் கொள்கின்றன. ஸ்வர்காரோஹிணி 6,252 மீட்டர். தருமர் சொர்க்கம் ஏறியது அந்தச் சிகரத்தின் வழியாகத்தான் என்பது இப்பகுதி நம்பிக்கை. பத்ரிநாத் பக்கத்து மக்கள் வேறொரு வழியைக் காட்டுவார்கள், வழக்கு தீராது. திரௌபதியும் தம்பிமாரும் ஒவ்வொருவராக வீழ்ந்த பின்னும் கூடவே வந்தது ஒரு நாய். அதை விட்டுவிட்டு இந்திரனின் தேரில் ஏற மாட்டேன் என்றார் தருமர். அந்தக் கதையை ஆயிரம் முறை கேட்டிருக்கலாம். எதிரே அந்த மலை, பக்கத்தில் மூச்சிரைக்க ஒரு நாய் என்று நிற்கும்போது வியாசர் அந்த இடத்தில் ஏன் யானையையோ குதிரையையோ வைக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

காலூவை எல்லோருக்கும் பிடிக்கும். பிடித்தவர்களால்தான் அதற்குத் தொல்லை. பிஸ்கெட்டைக் காட்டிக் காட்டி ஊர்விட்டு ஊர் இழுத்துப் போய்விடுகிறார்கள். இன்னொன்று, இந்த மலைப்பகுதி காட்டு உயிர்களுக்கான சரணாலயம். கட்டவிழ்ந்து சுற்றும் நாய்கள் பறவைகளையும் கஸ்தூரி மான்களையும் துரத்தும், நோயும் பரப்பும். சொந்த நாயைச் சென்னையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ கூட்டிவரும் ஆசையும் வேண்டாம். ஊர் நாய் தானாக வந்தால் வரட்டும், நீங்கள் அழைக்காதீர்கள். வந்துவிட்டதா, உங்கள் ரொட்டியில் ஒரு பங்கு கொடுங்கள், மறக்காமல் சாங்க்ரிக்கே திரும்பக் கொண்டுவந்து விடுங்கள். பையில் இருக்கும் சாக்லேட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். நாய்க்கு அது நஞ்சு.