பில் கேட்போம், லேபிள் படிப்போம், புகார் கொடுப்போம்

(கீழப்பழுவூரில் நடந்த குடும்ப நலக் கூட்டத்தில் நமது அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)



கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்ததும், அடியில் ஈரம் இருந்ததும் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த செய்திதான். மழையில் நனைந்தது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மேலே வைத்திருக்கலாமே, வாங்குபவர் பார்த்து வாங்குவாரே என்று அவர்கள் கேட்டார்கள். பொருளில் குறை இருந்ததைவிட அதை மறைத்ததுதான் அங்கே பெரிய குற்றம். இன்றைய உணவுச் சட்டமும் மறைப்பதைக் குற்றமாகவே பார்க்கிறது.

நம் நாட்டில் கலப்படத் தடுப்புக்கு 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006. 2011 ஆகஸ்ட் 5 முதல் இது அமலில் உள்ளது. குற்றங்களை இது மூன்று வகையாகப் பிரிக்கிறது. சொன்ன தரத்தில் இல்லாதது தரம் குறைந்த உணவு. அதற்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். பொய்யான விவரம் அச்சிடுவதும், இருக்க வேண்டிய விவரத்தை விட்டுவிடுவதும் தப்புக் குறியீடு. அதற்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம். உடலுக்குக் கேடு செய்வது பாதுகாப்பற்ற உணவு. அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. அத்தகைய உணவால் ஒருவர் இறந்துவிட்டால் 7 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆயுள் தண்டனை வரையும் போகலாம்.

இவ்வளவு கடுமையான சட்டம் எப்படி வேலை செய்கிறது? பஞ்சு மிட்டாயை எடுத்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயைப் பரிசோதித்தபோது ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருப்பது தெரிந்தது. அது துணிக்கும் தோலுக்கும் ஏற்றுகிற சாயம். புதுச்சேரி அரசு தடை விதித்தது. பிறகு சென்னையிலும் மாதிரி எடுத்துப் பரிசோதித்தார்கள். அதிலும் அதே சாயம். பிப்ரவரி 17 அன்று தமிழக அரசும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. எத்தனையோ வருடமாகத் திருவிழாவிலும் கடற்கரையிலும் குழந்தைகள் கேட்டு வாங்கித் தின்ற பொருள். ஆய்வுக்கூட அறிக்கை கைக்கு வந்ததும் சில நாட்களில் முடிவு வந்துவிட்டது.

அந்த அறிக்கை முறைப்படி இருக்க வேண்டும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2015 ஜூன் மாதம் மேகி நூடுல்ஸுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. பரிசோதித்த ஆய்வுக்கூடங்களுக்குச் சட்டப்படியான அங்கீகாரம் இல்லை, நிறுவனத்தின் விளக்கத்தையும் முறையாகக் கேட்கவில்லை என்பதே காரணம். நீதிமன்றம் சொன்னபடி அங்கீகாரம் பெற்ற கூடங்களில் மறுபடி பரிசோதித்துத் தேறிய பிறகு, அந்த நவம்பரில் அது மீண்டும் கடைக்கு வந்தது.

இதனால்தான் வாட்ஸ்அப்பில் சுற்றும் பிளாஸ்டிக் அரிசி வீடியோக்களை அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். வதந்தியால் ஒரு குற்றவாளியும் தண்டனை பெறுவதில்லை. நேர்மையாகத் தொழில் செய்யும் ஒரு கடைக்காரரின் பிழைப்பு மட்டும் கெடும். ஆதாரமில்லாத செய்தி ஒரு கடையை என்ன செய்யும் என்பது நம் சமுதாய வியாபாரிகளுக்குத் தெரியாததல்ல.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? பொருளின் பாக்கெட்டையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். படம் எடுத்து, கடையின் பெயர், ஊர், வாங்கிய தேதியுடன் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்புங்கள். அரியலூரில் உள்ள மாவட்ட நியமன அலுவலரிடம் மனுவாகவும் கொடுக்கலாம். நாமே பொருளைப் பரிசோதனைக்குக் கொடுக்கவும் சட்டத்தின் 40-வது பிரிவு உரிமை தருகிறது. வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட்டு, கட்டணம் கட்ட வேண்டும். குற்றம் உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். சென்னை கிண்டி, தஞ்சாவூர், சேலம் போன்ற ஊர்களில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்கள் இருக்கின்றன.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. அதிகாரி மாதிரி எடுத்தால் அதற்குரிய விலையைத் தர வேண்டும். மாதிரியை நான்கு பாகமாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். ஒரு பாகத்தை அங்கீகாரம் பெற்ற வேறு கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அறிக்கை தவறென்று பட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். சரியாகத் தொழில் செய்பவர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பிரியாணிக்கும் சிக்கன் 65-க்கும் செயற்கைக் கலர் போடுவதைச் சட்டம் அனுமதிக்கவில்லை. கல்யாணப் பந்திக்குச் சமைக்கும் பண்டாரிமார்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

தாய்மார்களே, பாக்கெட்டில் ஹலால் முத்திரையைப் பார்த்ததும் நம்மில் பலர் மற்றதைப் படிப்பதில்லை. பொருள் காலாவதியாகிவிட்டதா என்பதை அந்த முத்திரை சொல்லாது. 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி, எந்தத் தேதிவரை பயன்படுத்தலாம், என்னென்ன சேர்த்திருக்கிறார்கள், எடை எவ்வளவு என்று ஐந்தையும் பாருங்கள். பேரீச்சம்பழப் பெட்டியில் பழைய தேதியின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். புகார் கொடுங்கள். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் உதிரி மிளகாய்த் தூளும் தேயிலைத் தூளும் பெரும்பாலும் ஏழை வீட்டு அடுப்படிக்குத்தான் போகின்றன. கலப்படத்தின் பாதிப்பும் முதலில் அங்கேதான்.

ஆகவே நம் அறக்கட்டளை ஒரு முடிவு எடுத்திருக்கிறது. இனி நோன்பு மாதத்தில் ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் மளிகைப் பொருட்களில் உரிம எண் இல்லாத பாக்கெட் எதுவும் இருக்காது. நோன்புக் கஞ்சிக்கு வாங்கும் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாவற்றின் பில்லும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கேட்கலாம். தர்மமாகத் தருவதும் தரமானதாக இருக்க வேண்டும்.

நம் உணவையும் உழைப்பையும் வியாபாரத்தையும் தூய்மையாக்கி வைக்க அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.