கட்டடமும் தண்ணீரும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இலக்கணமும் இலக்கியமும் பயிற்றும் எமக்குக் கட்டடத் தொழிலில் என்ன வேலை என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறன்று. நெடுநல்வாடையைப் பாடஞ் சொல்லுங்கால், ஞாயிற்றின் நிழல்கொண்டு திசை குறித்துக் கயிறிட்டு மனை வகுத்த பண்டையோர் திறத்தை ஆண்டுதோறும் மாணவர்க்கு விரித்துரைக்கின்றோம். ஆயின், எம் சொந்த வீட்டைக் கட்டியபோது அத்தகைய கருத்தூன்றல் எம்மிடம் இல்லாது போயிற்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்னும் பழமொழிக்கு யாமே சான்றாயினோம். அக்கதையைச் சிறிது பொறுத்துக் கூறுவோம். அதற்குமுன், இன்று இவ்விடத்திற் பேச யாம் விரும்பி முன்வந்த காரணத்தைச் சொல்லிவிடுதல் முறை.

வெளியூர்களினின்று வந்து கல்வி பயிலும் நம் பிள்ளைகளுக்காகச் சங்கம் ஒரு விடுதி கட்டிவருதலை நீவிர் அறிவீர். அப்பொருள் ஒரு செல்வர் ஈந்ததன்று. மாதச் சந்தாவும், கலியாண வீடுகளில் உவந்தளித்த காணிக்கையும், அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்த தாய்மாரின் சிறுபணமும் ஒன்றுசேர்ந்தது. அடித்தளமும் தூண்களும் முடிந்தன. பங்குனியில் மேல்தளம், வைகாசியில் திறப்புவிழா என்று கட்டடக் குழுவினர் ஒரு காலத் திட்டம் வகுத்துள்ளனர். அதில், தளம் இட்ட நான்காம் நாளே மாடிச் சுவர் வேலை தொடங்கும் எனக் கண்டோம். குழுவினரின் ஊக்கத்தை மெச்சுகின்றோம். அவ்விரைவை மட்டும் அஞ்சுகின்றோம்.

அன்பர்களே, நாம் அமர்ந்திருக்கும் இம்மண்டபத்தின் கூரையை ஒருமுறை நிமிர்ந்து நோக்குங்கள். தேக்கு விட்டங்களின்மேல் சிறு செங்கற்கள் குத்துக்கல்லாகச் சாய்வரிசையில் அடுக்கப்பட்டிருத்தல் தெரியும். பொறியாளர் இதனை மெட்ராஸ் டெரஸ் என்பர். அச்செங்கல் வரிசையின்மேல் உடைத்த செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடிப்பர். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இடையிடையே தெளிப்பர். அடித்த கட்டை தடம் பதியாமல் துள்ளி மீளுங்காறும் அவ்வேலை ஓயாது. அதன்பின்னரே தட்டோடு பதிப்பர்.

அவர்கள் ஏன் அவ்வளவு பொறுத்தனர்? சுண்ணாம்பின் இயல்பு அத்தகையது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை சூட்டிற் சுட்டால் அதிலுள்ள கரிவளி நீங்கும். நீற்றுங்கால் அது நீரை உட்கொண்டு கொதித்துப் பொடியாகும். சுவரில் ஏறிய பின்னர், காற்றிலுள்ள கரிவளியை மெல்ல மெல்ல வாங்கி மீண்டும் கல்லாகும். கல்லாய்ப் பிறந்து, நீறாய் மாறி, மறுபடியும் கல்லாதலே சுண்ணாம்பின் வரலாறு. இம்மாற்றத்தை எவராலும் விரட்டி நடத்த இயலாது. ஆகவே நம் முன்னோர் காலத்தைக் கட்டடத்தின் ஒரு பொருளாகவே கணக்கிட்டனர்.

பின்னர்ச் சிமெண்டு வந்தது. 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் கொத்தனார் போர்ட்லண்டுச் சிமெண்டுக்கு உரிமை பெற்றார். 1867-இல் பிரான்சு நாட்டுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியே, கம்பி வைத்த பூந்தொட்டிகளுக்கு உரிமை பெற்றார். கான்கிரீட்டு, அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. இரும்பு, இழுப்பைத் தாங்கும். வெயிலில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிகின்றன; குளிரில் அவ்வாறே சுருங்குகின்றன. ஆதலின் இவை பிரியாது வாழ்கின்றன. சிமெண்டு, சுண்ணாம்பினும் விரைவில் இறுகுவது. ஆகவே கட்டுவோர் அதனை விரும்பினர். தீமையும் அவ்விரைவிலேயே தோன்றிற்று. இறுகுதல் வேறு, வலுப்பெறுதல் வேறு என்பதை நாம் மறந்தோம்.

கான்கிரீட்டு உலர்ந்து கெட்டியாகின்றது என்று பலரும் கருதுகின்றனர். அது பிழை. சிமெண்டு, நீருடன் சேர்ந்து வேதியியல் மாற்றம் அடைவதனாலேயே வலுப்பெறுகின்றது. நீர் உள்ளவரை அம்மாற்றம் நிகழும். நீர் வற்றினால் நின்றுவிடும். ஏழாம் நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலிமையே வந்திருக்கும். 28-ஆம் நாள் வலிமையையே அளவாகக் கொள்கின்றனர். பங்குனி வெயிலில் ஒருநாள் காயவிட்ட தளம், பாதியில் பள்ளியை விட்ட பிள்ளையை ஒக்கும்.

இனி இதன் மறுபுறத்தையும் நோக்குவோம். சிமெண்டின் மாற்றத்துக்கு வேண்டும் நீர், அதன் எடையிற் கால்பங்கு அளவே. கையாளும் எளிமைக்காகச் சிறிது மிகுதியாகச் சேர்க்கின்றோம். அதற்கும் மேலே ஊற்றும் நீர் பின்னர் ஆவியாகி, தன் இடத்திற் கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுச் செல்லும். அத்துளைகளின் வழியே காற்றும் ஈரமும் புகும்; கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பினும் பன்மடங்கு இடத்தை அடைப்பது. ஆகவே உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கலக்கும்போது நீர் குறைய வேண்டும். கலந்து இட்டபின் நீர் நிறைய வேண்டும். நாமோ இவ்விரண்டையும் தலைகீழாகச் செய்கின்றோம்.

இப்பொழுது எம் கதையைக் கூறுவோம். 2008-ஆம் ஆண்டுக் கோடையில் எம் வீட்டுக்கு ஒரு மாடியறை கட்டினோம். புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்து, அழைப்பிதழும் அச்சிட்டுவிட்டோம். தளம் இடும் அன்று, கலவை எளிதில் ஓட வேண்டுமென்று குடங்குடமாக நீர் ஊற்றினர். வேலை விரைவதைக் கண்டு மகிழ்ந்தோம். கம்பிகளின்கீழ் வைக்கவேண்டிய தாங்கு கட்டைகள் பல இடங்களில் இல்லை. யாம் உற்று நோக்கவில்லை. அவ்வாண்டுக் கோடையில் எம் தெருவிலே தண்ணீர் அரிது. வண்டித் தண்ணீரோ விலை மிகுதி. மூன்று நாள் தெளித்தோம். "போதும் ஐயா, கல்லாகிவிட்டது" என்றார் ஒப்பந்தக்காரர். கேட்க விரும்பிய சொல்லைக் கேட்டமையால் உடனே நம்பினோம்.

பத்தாண்டு கழிந்தது. மழைக்காலத்தில் மேற்கூரையிற் பழுப்புக் கோடுகள் தோன்றின, வெள்ளையடித்து மறைத்தோம். மீண்டும் தோன்றின, மீண்டும் மறைத்தோம். ஒருநாட் பகலில், எம் மகள் உறங்கும் கட்டிலின் தலைமாட்டில், இரண்டு கை அகலமுள்ள கான்கிரீட்டுப் பாளம் பெயர்ந்து வீழ்ந்தது. மகள் அப்பொழுது பள்ளியில் இருந்தாள். அந்தத் தலையணையை எடுத்து உதறிய என் மனையாள் அன்று எம்மை நோக்கி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கொத்தனாரையோ ஒப்பந்தக்காரரையோ யாம் குறை கூறோம். நாள் குறித்தவர் யாம். தண்ணீர் வண்டியை நிறுத்தியவரும் யாமே.

அவையோரே, அன்று கட்டிலில் ஒரு பிள்ளை இல்லை. நாம் கட்டும் விடுதியில் எத்தனையோ பிள்ளைகள் உறங்கப் போகின்றனர்.

ஆகவே குழுவினர்க்குச் சில வேண்டுகோள் விடுக்கின்றோம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐ.எஸ். 456 என்னும் விதிநூல் கூறுவனவற்றையே சொல்கின்றோம். 50 கிலோ சிமெண்டு மூட்டைக்கு 27 லிட்டர் அளவிலேயே நீர் அமைய வேண்டும். மணலில் உள்ள ஈரத்தையும் அதிற் கழித்துக்கொள்ள வேண்டும். பொறியாளர் குறித்த அளவுக்கு மேல் ஒரு குவளையும் ஊற்ற விடலாகாது. தளக் கம்பியின்கீழ் 20 மில்லிமீட்டர்க்குக் குறையாத கான்கிரீட்டு மூடியிருத்தல் வேண்டும். சாதாரணச் சிமெண்டாயின் ஏழு நாளும், சாம்பல் கலந்த சிமெண்டாயினும் வெப்பமும் வறட்சியும் மிக்க காலமாயினும் பத்து நாளும், தளம் இடைவிடாது ஈரமாக இருத்தல் வேண்டும். பதினான்கு நாளாயின் இன்னும் நன்று. பாத்தி கட்டி நீர் தேக்குக. தூண்களுக்கு நனைந்த சாக்குச் சுற்றுக. நாலரை மீட்டருக்கு மேல் அகன்ற அறைகளின் முட்டுகளைப் பதினான்கு நாளேனும் அசைத்தல் கூடாது. கலவையிலிருந்து 15 சென்டிமீட்டர்க் கனக்கட்டிகள் வார்த்து, 28-ஆம் நாளிற் சோதித்து, அம்முடிவைச் சங்கப் பலகையில் ஒட்டுக.

இவற்றாற் செலவு மிகுமோ எனில், ஆயிரம் சதுர அடித் தளத்தில் ஓர் அங்குல உயரம் நீர் தேக்க ஏறத்தாழ 2,360 லிட்டர் போதும். நாள்தோறும் வற்றியதை நிரப்பினாலும், தளத்தின் மொத்தச் செலவில் அது சிறு பகுதியே. எம் கூரையைச் செப்பனிட யாம் கொடுத்ததோ, தண்ணீர் வண்டியில் மிச்சம் பிடித்ததைப் போற் பன்மடங்கு.

செலவினும் அரியது காவல். ஆகவே ஒன்று கேட்கின்றோம். தளம் இட்ட நாள்முதல் பதினான்கு நாளும், நாளுக்கொரு குடும்பம் காலையும் மாலையும் சென்று பாத்தியில் நீர் உளதா என்று காணட்டும். முதல் நாள் முறை எம் குடும்பத்துக்கு ஆகுக. எம் மகளும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கின்றாள்.

திறப்புவிழா வைகாசியினின்று ஆவணிக்குத் தள்ளிப்போகும். பள்ளிகள் அதற்கு முன்னே திறந்துவிடுமே, பிள்ளைகள் எங்கே தங்குவர் என்று கேட்பீர்கள். அதுவரை இம்மண்டபத்திலேயே தங்கட்டும். பொறுமையுடையோர் அடித்துச் சமைத்த கூரை இது. இன்னும் சில திங்கள் நம் பிள்ளைகளைக் காக்கும். அதற்குள் நாம் கட்டுவதும் இவ்வாறு காக்கத்தக்கதாக வலுப்பெறட்டும்.