ஓடும் கப்பலை நிறுத்துவது எப்படி?

(பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய மாணவன் ஒருவன் மேடை ஏறினால் பழங்கதைதான் பேசுவான் என்ற பயம் முன்வரிசைப் பிள்ளைகளின் முகத்தில் தெரிகிறது. பயப்பட வேண்டாம். "பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக ஏதாவது சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே சார்பு வேகம் பற்றிப் பேசப்போகிறேன். எங்கள் காலத்தில் பிரயோக கணிதம் தனிப் பாடம். இப்போது அது இணைந்த கணிதத்தின் இரண்டாம் வினாத்தாளுக்குள் போய்விட்டது. பாடத்தின் பெயர் மாறினாலும் அந்த இரண்டு கப்பல்களும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கணக்கு இது. ஒரு கப்பல் மணிக்கு 20 கிலோமீற்றர் கதியில் வடக்கே போகிறது. அதற்கு நேர் கிழக்கே 10 கிலோமீற்றர் தூரத்தில் இன்னொரு கப்பல் மணிக்கு 15 கிலோமீற்றர் கதியில் மேற்கே வருகிறது. இரண்டும் ஆகக் கிட்ட வரும்போது இடைத்தூரம் என்ன?

இதைக் கொடுத்தவுடன் பல பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? இடைத்தூரத்தின் வர்க்கத்தை நேரத்தின் கோவையாக எழுதி, வகையிட்டு, பூச்சியத்துக்குச் சமப்படுத்துகிறார்கள். விடை 8 கிலோமீற்றர். சரிதான், புள்ளியும் கிடைக்கும். "சரி தம்பி, மேற்கே வந்த கப்பல் மற்றக் கப்பலுக்கு முன்னால் போனதா, பின்னால் போனதா?" என்று கேட்டுப் பாருங்கோ. பேனையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள்.

படம் வரைகிறவனுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. அவன் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: வடக்கே போகும் கப்பலை நிறுத்தவேண்டும். எப்படி நிறுத்துவது? அதன் வேகத்துக்குச் சமமும் எதிருமான வேகத்தை, அதாவது தெற்கு நோக்கி 20 ஐ, இரண்டு கப்பலுக்கும் கொடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் ஒரே வேகத்தைக் கூட்டுவதால் ஒன்றிலிருந்து மற்றது தெரியும் விதம் மாறாது. முதற் கப்பல் நின்றுவிட்டது. மற்றதற்கு இப்போது மேற்கே 15, தெற்கே 20. தலையும் வாலும் பொருந்த இரண்டு அம்புகளையும் வரைந்தால் 3, 4, 5 முக்கோணி. சார்பு வேகம் மணிக்கு 25 கிலோமீற்றர்.

இங்கேதான் பிள்ளைகள் சறுக்குகிற இடம் இருக்கிறது. வேக முக்கோணி வேறு, கப்பல்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் படம் வேறு. முதலாவதில் அம்பின் நீளம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர். இரண்டாவதில் கோட்டின் நீளம் வெறும் கிலோமீற்றர். இரண்டையும் ஒரே படத்தில் போட்டுக் குழப்புகிறவர்கள்தான் "சார்பு வேகம் எனக்குச் சரிவராது சேர்" என்கிறார்கள். தாளில் இரண்டு படம் தனித்தனியே வரையுங்கள். வேக முக்கோணியிலிருந்து எடுக்கவேண்டியது அந்த 25 இன் திசையை. அந்தத் திசைக்குச் சமாந்தரமாக, இடப் படத்தில் இரண்டாவது கப்பலிலிருந்து ஒரு கோடு இழுங்கள். நிற்கும் கப்பலிலிருந்து அதற்கு ஒரு செங்குத்து. 10 இன் ஐந்தில் நான்கு, 8 கிலோமீற்றர். கோட்டின் வழியே போன தூரம் 6. ஆறை 25 ஆல் வகுத்தால் 0.24 மணி, 14 நிமிடம் 24 செக்கன். வகையீடு வேண்டியிருக்கவில்லை. கோடு தெற்குப் பக்கத்தால் போகிறது, முதற் கப்பலோ வடக்கே முகம் வைத்திருக்கிறது. ஆகவே மற்றது பின்னால்தான் கடந்தது. கண்ணுக்கு முன்னே கிடக்கிறது விடை.

இது பரீட்சைக்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம். ஓடும் கப்பலின் சாதாரண ராடார் திரை காட்டுவது இதே சார்பு இயக்கத்தைத்தான். தன் கப்பல் நடுவில் நிற்பதுபோலவும் மற்றக் கப்பல் நகர்வதுபோலவும் தெரியும். மற்றக் கப்பலின் உண்மையான பாதை வேண்டுமென்றால் முக்கோணி வரையவேண்டும். 1956 யூலை 25 இரவு, அமெரிக்காவின் நன்ரக்கெற் தீவுக்கு அப்பால் அந்திரியா டோரியா என்ற இத்தாலியக் கப்பலும் ஸ்ரொக்ஹோம் என்ற சுவீடன் கப்பலும் மோதின. இறந்தவர்கள் 51 பேர். இரண்டிலும் ராடார் இருந்தது. ஒன்றையொன்று திரையில் கண்டும் இருந்தன. ஆனால் அந்திரியா டோரியாவில் ராடாரில் கண்ட புள்ளிகளைக் குறித்து வரையவில்லை என்பது பின்னர் விசாரணையில் வெளிவந்தது. மூடுபனி உட்பட வேறு காரணங்களும் உண்டு. என்றாலும், வரையாமல் விட்ட அந்த முக்கோணியை நான் மறப்பதில்லை.

1972 இல் உருவான சர்வதேச கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் 7 ஆவது விதியைப் பாருங்கள். நெருங்கி வரும் கப்பலின் திசைகோள் குறிப்பிடத்தக்க அளவு மாறாவிட்டால் மோதல் ஆபத்து உண்டென்று கொள்ளவேண்டும் என்கிறது. எங்கள் மொழியில் சொன்னால், சார்பு வேகத்தின் அம்பு நேரே உங்களை நோக்கியிருக்கிறது. குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் போகும்போது பரிசோதித்துப் பாருங்கோ. உங்கள் படகு திரும்பாமல் போகையில், வரும் படகு உங்கள் படகின் ஒரு கம்பிக்கு நேரே அசையாமல் நின்று பெருத்துக்கொண்டு வந்தால், ஓட்டியிடம் சொல்லிவிடுங்கோ.

காற்றுக் கணக்கு ஒன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்கே மணிக்கு 8 கிலோமீற்றர் கதியில் சைக்கிள் ஓடுகிறவருக்குக் காற்று நேர் வடக்கிலிருந்து வருவதாகத் தோன்றுகிறது. கதியை 16 ஆக்கினால் வடகிழக்கிலிருந்து. உண்மைக் காற்று எது? சைக்கிளின் வேகத்தோடு தோன்றும் வேகத்தைக் கூட்டினால் உண்மை வேகம். ஒரே புள்ளியிலிருந்து கிழக்கே 8 ஒரு அம்பு, 16 ஒரு அம்பு. முதலாவதின் நுனியிலிருந்து தெற்கே ஒரு கோடு, இரண்டாவதின் நுனியிலிருந்து தென்மேற்கே ஒரு கோடு. இரண்டும் வெட்டும் இடத்துக்குத் தொடக்கப் புள்ளியிலிருந்து இழுத்த அம்புதான் காற்று. வடமேற்கிலிருந்து, மணிக்கு 11.3 கிலோமீற்றர் அளவில். மனிசன் வாடைக்காற்று என்று நினைத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்!

தேநீர் தயாராகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அதே இரண்டு கப்பல்கள், அதே தொடக்க இடங்கள். இரண்டாவது கப்பல் 15 என்ற கதியை மாற்றாமல், தொடக்கத்தில் எந்தத் திசையையும் தெரிந்தெடுக்கலாம். முதற் கப்பலை அதனால் சந்திக்க முடியுமா? முடியாவிட்டால் ஆகக் கிட்ட எவ்வளவு தூரத்துக்கு வரலாம்? கவராயம் கொண்டு ஒரு வட்டம் வரையவேண்டியிருக்கும். 7 கிலோமீற்றருக்குக் குறைந்த விடையோடு வருகிறவர் என் மேசைக்கு வரலாம், வடை என் கணக்கில்.