சுவரின் வருமானமும் கையின் உழைப்பும்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மாட்டுங்காவிலும் சயானிலும் செம்பூரிலும் நம்மவர் வீடுகள் சிலவற்றில் இன்று ஓர் அறை வெளியாருக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. பரேல் டாட்டா மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பத்தார், வேலைத் தேர்வுக்கு வரும் இளைஞர்கள், பத்து நாள், பதினைந்து நாள் தங்கிப் போகிறார்கள். முன்பு ஆள் சொல்லி ஆள் வந்தார்கள். இப்போது ஏர்பிஎன்பி போன்ற கம்பெனிகள் அனுப்புகின்றன. பணம் வங்கிக்கு வருகிறது. வங்கிக்கு வந்தால் வருமானவரி இலாகாவின் கண்ணுக்கும் வந்துவிட்டது என்றே பொருள்.

இதைச் சொன்னவுடன் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பயம் வேண்டாம். 2025-26 நிதியாண்டில், புதிய வரி முறையில், 12 லட்சம் ரூபாய் வரை சாதாரண வருமானமுள்ளவருக்குத் தள்ளுபடி போக வரியே இல்லை. ஆனால் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். வரி இல்லை என்பது வேறு. கணக்கே வேண்டாம் என்பது வேறு.

பான் எண்ணைக் கொடுக்கத் தயங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண்டு வரவு 5 லட்சத்துக்குள் இருந்து, பான் அல்லது ஆதார் எண்ணைக் கொடுத்திருந்தால், கம்பெனி வரி பிடிக்காது. மறைத்தால் நூற்றுக்கு ஐந்து! 3,60,000 ரூபாய் வரவில் 18,000 போய்விடும்.

இனி நம் வழக்குக்கு வருகிறேன். 2024-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், சொந்தக்காரர் தம் குடியிருப்பு வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ வாடகைக்கு விட்டு ஈட்டுவது தொழில் வருமானமல்ல, வீட்டுச் சொத்து வருமானமே என்று அடித்துச் சொல்லிவிட்டது. அதன்படி கணக்குப் போடுங்கள். வரவு 3,60,000. கட்டிய சொத்துவரி 10,000 கழித்தால் 3,50,000. அதில் நூற்றுக்கு முப்பது, அதாவது 1,05,000, பொதுக் கழிவு. மிச்சம் 2,45,000 உங்கள் வருமானம். வீட்டுக் கடன் இருந்தால் அதன் வட்டியும் கழியும். அவ்வளவுதான். படுக்கை விரிப்பு, சலவை, மின்சாரம், காலை இட்லி, கம்பெனியின் கமிஷன் எல்லாம் சேர்ந்து ஒன்றரை லட்சம் ஆனாலும் தனியாக ஒரு பைசா கழியாது. ஓட்டல் முதலாளிக்கு இவை அனைத்தும் செலவு!

இன்னொன்றையும் பாருங்கள். அறையைப் பெருக்குவது, சமைப்பது, நோயாளிக்குக் கஞ்சி வைத்துக் கொடுப்பது நம் தாய்மார்கள். வீட்டுப் பத்திரமோ கணவர் பெயரில். ஆகவே வருமானமும் அவருடையதாகிறது. சட்டத்தின் கண்ணுக்குச் சுவர் சம்பாதிக்கிறது, கை சம்பாதிக்கவில்லை.

2015-ல் ஒரு சென்னைக் கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போய், கட்டடங்களை வாடகைக்கு விடுவதே தன் தொழில், ஆகவே வாடகை தொழில் வருமானம் என்று வென்றது. 2024-ல் அடைத்த கதவு குடியிருப்பு வீட்டின் கதவு மட்டுமே. வணிகக் கட்டடம் வைத்திருப்பவருக்கு அந்த வாதம் இன்னும் மிச்சமிருக்கிறது. நியாயம் எங்கே என்று கேட்கிறேன்.

தினமும் சோறும் சலவையும் கொடுத்து ஆளைத் தங்கவைப்பது வெறும் 'வீடு வாடகை' தானா? இதற்குச் சட்டத்தின் வாசகத்தில் கோடு கிழிக்கப்படவில்லை. ஒவ்வோர் அதிகாரியும் ஒரு கோடு கிழிப்பார். சேவையோடு அறை கொடுக்கும் சிறு வீட்டுக்காரர், விரும்பினால் உண்மைச் செலவைக் காட்டிக் கழித்துக்கொள்ளலாம் என்று நிதி அமைச்சகம் தெளிவாக அறிவிக்க வேண்டும். இதுவே நம் கோரிக்கை, தீர்மானமாகக் கொண்டுவருகிறேன்.

வாடகை வீட்டில் இருந்துகொண்டு உள்வாடகைக்கு விடுகிறவர்கள் கதை வேறு. அவர்கள் சொந்தக்காரர் அல்லர்; ஆகவே வீட்டுச் சொத்துத் தலைப்பு அவர்களுக்கில்லை. தாங்கள் கொடுக்கும் வாடகையையே செலவாகக் காட்டலாம். ஆனால் வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் கையில் இருக்கட்டும்.

தீர்மானத்தில் கையெழுத்திடுகிறவர்கள் இன்று முதல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் சலவைக் கூலியிலிருந்து பால் கணக்கு வரை எழுதி வையுங்கள். மனுவோடு இணைக்க அந்தப் பக்கங்கள்தான் வேண்டும்.